பெயரிடும் அதிகாரமும் ஆயரின் செவியும்

ஆங்கிலத்தில் ‘குவியர்’ கோட்பாடு என்றும், தமிழில் ‘பால்புதுமை’ என்னும் சொல்லாலும் வழங்கும் சிந்தனைப் போக்கைப் பற்றி இறையியல் மாணவர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். ஒழுக்கக்கேட்டிற்குப் பூசிய தத்துவ முலாம் என்று இதனை ஒதுக்குவோரும் உளர். ஆராயாமலே அணைத்துக்கொள்வோரும் உளர். இரு சாராரும் மூல நூல்களைப் பொறுமையோடு வாசித்தல் நலம்.

1990ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டிற்குத் தெரேசா தெ லாரெத்திஸ் இப்பெயரைச் சூட்டினார். அதே ஆண்டில் ஜூடித் பட்லர், ஈவ் செட்ஜ்விக் ஆகியோரின் முதன்மையான நூல்களும் வெளிவந்தன. எனினும் இப்போக்கின் வேர்களுள் முக்கியமானது, மிஷேல் ஃபூக்கோ 1976இல் வெளியிட்ட ‘பாலியலின் வரலாறு’ முதல் தொகுதியாகும்.

மேலைநாடு பாலுறவைப் பற்றிப் பேசாமல் அடக்கிவைத்தது என்னும் பொதுக் கருத்தை ஃபூக்கோ மறுக்கிறார். அடக்கியது என்பதைவிட, ஓயாமல் பேசவைத்தது என்பதே அவர் வாதம். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுதோறும் பாவ அறிக்கை செய்தலைக் கட்டாயமாக்கியது. அவ்வழக்கம் பிற்காலத்தில் மருத்துவரின் அறைக்கும் மனநோய் ஆய்விற்கும் இடம்பெயர்ந்தது. முன்பு விலக்கப்பட்ட செயலாக மட்டும் எண்ணப்பட்டது, 19ஆம் நூற்றாண்டில் ஒரு தனிவகை மனிதனின் இயல்பாக வகைப்படுத்தப்பட்டது. பட்லர் இன்னும் ஒரு படி செல்கிறார்: ஆண்மை, பெண்மை என்பவை உள்ளிருந்து வெளிப்படும் சாரம் அல்ல, சமுதாய விதிகளுக்குட்பட்டுத் திரும்பத்திரும்பச் செய்யப்படும் செயல்களால் உருவாகுபவை. இதனை, உடை மாற்றுவதுபோல் அவரவர் விருப்பம் என்று சிலர் திரித்துரைத்தனர். 1993இல் எழுதிய நூலில் பட்லரே இதனைத் திருத்தினார்.

இங்கே நமக்கு ஒரு மறுப்பு உண்டு. சீர்திருத்தத் திருச்சபைகளின் வழக்கத்தை ஃபூக்கோ சுருக்கமாகவே தொட்டுச் செல்கிறார். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை பாவ அறிக்கையை நீக்கவில்லை. ஆனால் எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்லுதல் அவசியமன்று என்றது. ஆராய்ந்தறியும் செவியன்று, மன்னிப்பை அறிவிக்கும் வாயே அங்கு முதன்மை பெறுகிறது. அறிக்கை அனைத்தையும் அதிகாரத்தின் கருவி என்று கொண்டால் கிருபைக்கு இடமில்லாமற் போகும்.

ஆயினும் இம்மறுப்பு நம்மை நிரபராதிகளாக்கிவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் நம் வாசிப்பறைக்கு வந்து, தம் நாட்டம் ஆண்களிடமே என்று நடுங்கியவாறு கூறினார். அவர் ஜெபம் கேட்டார். நாமோ கேள்விகள் கேட்டோம். எப்போதிருந்து, யாரோடு, எத்தனை முறை என்றெல்லாம் வினவினோம். அவர் மறுபடி வரவில்லை. ஃபூக்கோவை வாசித்தபோது, அந்த அறையில் நாம் அமர்ந்திருந்தது ஆயரின் நாற்காலியன்று, விசாரணை அதிகாரியின் நாற்காலி என்று உணர்ந்தோம்.

பெயரிடுதல் நம் வேதாகமத்திலும் கேள்வியாகவே நிற்கிறது. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்து எத்தியோப்பியனைக் கிரேக்க மூலம் அண்ணகன் என்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்போ அவனை ‘மந்திரி’ என்று மட்டும் குறிக்கிறது. ஏசாயா 56லும் மத்தேயு 19லும் ‘அண்ணகர்’ என்னும் சொல் நிற்க, இங்கு மறைந்துபோனது. ஆகவே, ஏசாயாவின் வாக்கு பிலிப்புவின் சாலையில் நிறைவேறியதைத் தமிழ்ச் சபையார் பலர் கவனித்ததில்லை. அவன் ஞானஸ்நானத்திற்குத் தடை என்ன என்று வினவினான். பிலிப்பு அவன் உடலைப்பற்றி விசாரித்ததாக வசனம் எதுவும் இல்லை.

இக்கோட்பாடு சுவிசேஷம் அன்று. அதன் முடிவுகள் யாவற்றையும் நாம் ஏற்கவேண்டுவதுமில்லை. ஆனால் மனிதரை வகையாக்கும் முன் நம் கையைத் தடுத்து நிறுத்துமாயின், அது ஆயருக்கு உதவும் கல்வியே. பிலிப்பு முதலில் செய்தது, இரதத்தருகே ஓடிச் சென்று, அவன் வாசிப்பதைக் கேட்டது. நம் ஊழியமும் அங்கிருந்தே தொடங்கட்டும்.