சிப்பாய்க்குப் பசிக்காது

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' தெரியுமல்லவா? தெரியாவிட்டால் வீட்டில் முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களைக் கேளுங்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி எதை ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று அசடு வழியச் சொல்வார்கள். அதன் இரண்டாம் பாகம் வந்தது 1999-ல். இன்னும் ஆடுகிறார்கள். 2022-ல் வந்த இந்திய விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதை கொடுத்து, சிப்பாய்களைத் தமிழ் பேசவும் வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது சண்டை அல்ல, கூடவே வரும் 'சினாரியோ எடிட்டர்'. காடு, கடல், கோட்டை எல்லாம் வரைந்து, 'இது நடந்தால் அது நடக்கட்டும்' என்று டிரிகர் வைத்து நாமே ஒரு யுத்தம் தயாரிக்கலாம். ப்ரோக்ராமிங் தெரிய வேண்டாம். சின்னப்பிள்ளை விவகாரம் என்று ஒதுக்காதீர்கள். 'ஸ்டார்கிராஃப்ட்', 'வார்கிராஃப்ட்-3' எடிட்டர்களில் ரசிகர்கள் சும்மா செய்துபார்த்த மேப்களிலிருந்துதான் 'டோட்டா' என்ற கோடிக்கணக்கான டாலர் புழங்கும் ஆட்டம் பிறந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 1760-61 புதுச்சேரி முற்றுகையைச் செய்துபார்க்க உட்கார்ந்தேன். (துப்பாக்கிக் காலத்துக்கு மூன்றாம் பாகம்தான் பொருத்தம். எனக்குப் பழகியது இரண்டு.) உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி. வெளியே அயர் கூட். கடலில் ஆங்கிலக் கப்பல்கள். இன்றைய பாரதி பூங்கா பக்கம் ஐங்கோணக் கோட்டை. கட்டம் போட்ட தெருக்களை டச்சுக்காரர்கள் 1693-லிருந்து ஆறு வருஷம் ஊரை வைத்திருந்தபோதே திட்டமிட்டு விட்டதால் வரைவது சுலபம். 1761 ஜனவரி முதல் தேதி அடித்த புயலும் ரெடி: கப்பல்களை மூழ்கடிக்க ஒரு டைமர் டிரிகர் போதும். நிஜத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். ஆனாலும் பிரெஞ்சுக் கப்பற்படை உதவிக்கு வரவில்லை. சில நாட்களில் முற்றுகை மறுபடி இறுகிவிட்டது.

இதுவரை ஜோர். சிக்கல் அப்புறம்தான். புதுச்சேரி பீரங்கிக்கு விழுந்ததைவிடப் பட்டினிக்கு விழுந்தது. ஜனவரி மத்தியில் லாலி சரணடைந்தபோது உள்ளே சாப்பாடு காலி. ஆனால் இந்த விளையாட்டில் சிப்பாயை உருவாக்கும்போது மட்டும் உணவு செலவாகும். அப்புறம் ஆயுசுக்கும் அவன் ஒரு வாய் கேட்பதில்லை! ரசிகர்கள் செய்யும் சரித்திர மேப்களில் பெரும்பாலானவை 'எதிரியின் கோட்டையை உடை' என்று முடிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பசியில்லாத சரித்திரத்தில் உடைப்பதைத் தவிர என்ன பண்ணுவது? மேப் செய்கிறவர்கள் மதில் வரைவதில் காட்டும் அக்கறையில் பாதியை இங்கே காட்டலாம்.

வழி இருக்கிறது. 'லூப்பிங்' டிரிகர் ஒன்று வைத்து, நிமிஷத்துக்கொரு தரம் கொஞ்சம் உணவைக் கப்பமாக இயற்கைக்கு, அதாவது 'கையா'வுக்கு, அனுப்பிவிடலாம். கஜானா காலியானால் சிப்பாய்களின் உயிர் குறைய இன்னொரு டிரிகர். செய்தேன். ஆட்டம் உடனே மாறிவிட்டது. மதிலை மறந்து மூட்டை எண்ண ஆரம்பித்தேன்.

கூடவே என் விரல் தானாக 'டெலீட்' பட்டனுக்குப் போனது. வாய்களைக் குறைக்க வேண்டுமே, கிராமத்தானைச் சொடுக்கி அழிப்பது இந்த ஆட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். லாலியும் அதைத்தான் செய்தார். 1760 நவம்பர் கடைசியில் ஊரில் மிச்சமிருந்த சுமார் 1,400 தமிழர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஆங்கிலேயர்களும் விடவில்லை. எட்டு நாள், இரண்டு படைகளுக்கும் நடுவில், புல்வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். அப்புறம்தான் கூட் வழிவிட்டார்.

அவர்களை மேப்பில் வைக்கப் பார்த்தேன். எடிட்டரில் ஒவ்வொரு உருவமும் யாராவது ஓர் ஆட்டக்காரருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். லாலியின் நீலமா, கூட்டின் சிவப்பா? இரண்டும் பொய். யாருக்கும் சொந்தமில்லை என்றால் கையாவில் சேர்க்கலாம். மானும் ஆடும் இருக்கும் லிஸ்ட் அது. மேப் அப்படியே பாதியில் நிற்கிறது.