ஜோ உரைத்த 'ஸர்'

ஆங்கிலப் பாடசாலையில் இலக்கணத்துக்கு ஒரு மணி, கதைப் பாடத்துக்கு ஒரு மணி என்று வகுத்திருந்தனர். முதல் மணியில் கற்றது இரண்டாம் மணிக்கு வந்து உதவியதில்லை. அவ்விதமே பயின்று பரீட்சை தேறித் தோட்டக் கிராணியானவன் நான். அப்படிப்பில் விடுபட்டதொன்றைச் சார்லஸ் டிக்கன்ஸின் நாவலைக் கொண்டு கூற விழைகின்றேன்.

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860–61இல் தொடர்கதையாக வெளிவந்தது. பெற்றோரற்ற பிப் என்னும் சிறுவனைத் தமக்கையும், அவள் கணவராகிய கருமான் ஜோவும் வளர்க்கின்றனர். மறைவில் நின்ற ஒருவர் தந்த பொருளால் பிப் லண்டன் சென்று கனவானாகின்றான். 27ஆம் அத்தியாயத்தில் அவனைக் காண ஜோ வருகின்றார். ஜோவின் பேச்சில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் உறவே இராது. எங்கள் உபாத்தியாயர் அவர் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப் பிழை திருத்தச் சொன்னார். திருத்தினோம், முழு மதிப்பெண்ணும் பெற்றோம்.

அவ்வாக்கியங்களில் எவரும் திருத்தாத சொல் ஒன்றிருந்தது. 'ஸர்' என்பதே அது. வளர்த்தவர் வளர்ந்தவனை அங்ஙனம் அழைக்கின்றார்! விளி என்று பெயரிட்டு நாங்கள் அதைக் கடந்துவிட்டோம். தொல்காப்பியரோ விளிக்கென்றே ஓர் இயல் வகுத்தார். ஆங்கிலத்தில் நீ, நீர், தாங்கள் யாவற்றிற்கும் ஒரே சொல். ஆதலின் மரியாதையும் தூரமும் விளியிலே வந்து தங்குகின்றன. பிப் எரிச்சலோடு காரணம் கேட்கின்றான். விடைபெறும் வேளையிலேயே அச்சொல் உதிர்ந்து பழைய பெயர் மீள்கின்றது.

57ஆம் அத்தியாயம் இன்னும் நுட்பமானது. நோயுற்ற பிப்பை ஜோ தாய்போற் பேணுகின்றார்; அப்போது வாயில் அன்புப் பெயரே. உடல் தேறத் தேற 'ஸர்' மீண்டும் தலைகாட்டுகின்றது. ஒரு காலையிற் பார்த்தால் ஜோ இல்லை. ஒரு கடிதமும், பிப்பின் கடனைத் தாமே அடைத்த ரசீதும் மட்டும் இருக்கின்றன. விளியைக் கவனித்தவர்க்கு அப்பிரிவு எதிர்பாராததன்று.

நான் வேலைக்கமர்ந்த முதல் சம்பள நாளில், பால்மரம் சீவும் என் தகப்பனார் தம் முறை வந்ததும் ஆபீசு ஜன்னலில் நின்று, "கிராணி ஐயா" என்றார். வீட்டில் "தம்பி" என்பவர். துரை அருகிலிருந்தார். நான் பேரேட்டினின்று தலை நிமிரவில்லை.

டேவிட் லீன் 1946இல் எடுத்த படத்தையும் பள்ளியிற் காட்டினார்கள். நல்ல படமே, பெரியவனான பிப்பின் குரல் இடையிடையே கதை சொல்வதால், வெட்கிய சிறுமையை எண்ணிப் பின்னர் வெட்குபவன் அவனே என்பது விளங்கும். ஆனால் லண்டன் காட்சியில் எங்கள் கண் ஜோவின் தொப்பியைவிட்டு அகலவில்லை; சிரித்துத் தீர்த்தோம். திரையில் சொல் ஒலித்து மறைந்துவிடும். ஏட்டில் அது நமக்காகக் காத்து நிற்கும்.

உபாத்தியாயர்கள் அவ்விரு அத்தியாயங்களையும் பிள்ளைகளிடம் கொடுத்து, ஜோ எவ்விடத்தில் எவ்வாறு அழைக்கின்றார் என்று முதலில் அடிக்கோடிடச் சொல்லட்டும். படத்தை மறுவாரம் காட்டலாம்.