ஏரிக்கரையோடு நின்றுவிடும் கணக்கு

தமிழ்நாட்டில் 2015-ல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நம்ம புதுச்சேரிப் பக்கமும் நடக்குது. விதி ரொம்ப எளிது: பொங்கலை ஒட்டிய நாலு நாளில், எந்த இடத்திலும் குறைஞ்சது 15 நிமிஷம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்டில் ஏற்ற வேண்டும். 1900-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன், கிறிஸ்துமஸ் வேட்டைக்கு மாற்றாகத் தொடங்கிய கணக்கெடுப்புக்கும் பண்டிகைதான் துணை.

என் குறை விதியின் மேல் இல்லை, அதை நாம் பயன்படுத்துகிற விதத்தின் மேல். 'எந்த இடத்திலும்' என்று சொல்லியும், நம்ம கால் ஊசுடேரிக்கும் பாகூர் ஏரிக்கும்தான் போகுது. ஏரியில் அரிய வாத்து இறங்கினால் பத்துப் பேர் படம் எடுத்துவிடுவார்கள். உறுவையாறு வயலில் ஆட்காட்டி குறைந்தால்? முன்பே எண்ணி வைத்திருந்தால்தானே குறைந்தது என்று சொல்ல முடியும்!

மாடு மேயும் இடத்தில் உண்ணிக்கொக்கும் மைனாவும் கரிச்சானும் கூடவே வரும். மாடு மேய்ப்பவருக்கு அதுங்க வர்ற நேரம்கூட அத்துப்படி. அவர் சொல்லட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல்போனில் ஏற்றட்டும். அடுத்த மாட்டுப்பொங்கல் காலையில் நிகழ்ச்சியை அங்கே வைத்தால் பேருந்தும் வேண்டாம், தொலைநோக்கியும் வேண்டாம்.