நிகழ்பட விளையாட்டும் பழைமை ஏக்கமும்

நிகழ்பட விளையாட்டுகள் பற்றிய இன்றைய விமர்சனங்களிற் பழைமை ஏக்கம் மேலோங்கி நிற்பதை அவதானிக்கலாம். அன்றையவை எளியன, நேர்மையானவை. இன்றையவை வெறும் பகட்டு என்பதே அதன் சாரம். இக்கூற்று முழுமையாக ஏற்கத்தக்கதன்று.

1978இல் யப்பானின் தைட்டோ நிறுவனத்தில் நிஷிக்காடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து நகர்வர். இவ்வேகம் முன்கூட்டித் திட்டமிடப்பட்டதன்று. வரையவேண்டிய உருவங்கள் குறைந்தமையால் இயந்திரத்தின் சுமை குறைந்தது. அதன் விளைவே அது. ஆக்கியோர் அதனைத் திருத்தாது விட்டமையிலேதான் அவரது கலையுணர்வு வெளிப்படுகின்றது. 1985இல் வெளிவந்த 'சுப்பர் மரியோ பிரதர்ஸ்' முகிலையும் புதரையும் ஒரே உருவத்தின் இரு நிறங்களாகக் காட்டியமைக்கும் நினைவகப் பற்றாக்குறையே காரணமாகும்.

ஆனால், 2008இல் 'மெகா மான் 9' பழைய கருவியின் படச்சிமிட்டலையும் ஒரு தெரிவாக மீட்டுத் தந்தபோது, நிர்ப்பந்தம் அலங்காரமாயிற்று. இஃது ஏக்கத்தின் வணிகமேயன்றி வேறன்று. வணிகம் அன்று இருக்கவில்லை என்பதுமில்லை. பழைய ஆட்டங்களின் கடினத்தை வியப்போர், காசு போட்டு ஆடும் பொறிகளில் அக்கடினமே அடுத்த நாணயத்தைப் பெறும் உபாயமாகவும் இருந்தமையை மறந்துவிடுகின்றனர்.

எனினும், இவ்வேக்கத்தில் ஒரு நியாயமும் உண்டு. ஏங்குவோர்தாம் அதனை அதிகம் பேசுவதில்லை. 2014இல் வெளியான 'த குரூ' விளையாட்டின் சேவையகங்களை யுபிசொஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியதும், விலைகொடுத்து வாங்கியோருக்கும் அது ஆடவியலாததாயிற்று. மரியோவின் பேழையையோ இன்றும் பழைய கருவியிற் செருகி ஆடலாம்.