பவளக்காரத் தெருவும் மட்டாஞ்சேரியும்: தென்னிந்திய யூதரின் எழுத்து

தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்த யூதர்கள் விட்டுச் சென்ற எழுத்தில் அச்சுப் புத்தகங்கள் குறைவு. செப்பேடு, வணிகக் கடிதம், கல்லறை வாசகம், பெண்கள் கைப்பட எழுதி வைத்த பாட்டு நோட்டு என்று அது பல வடிவங்களில் சிதறிக் கிடக்கிறது. அவர்கள் எங்கே வேரூன்றினார்கள், எங்கே வாணிபம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள் என்பதை இந்த வடிவங்களே சொல்லிவிடுகின்றன.

சென்னையில் மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். ராயபுரத்துக்குத் தெற்கே, முத்தியால்பேட்டையில் உள்ள பவளக்காரத் தெருவின் பெயர் 17ஆம் நூற்றாண்டின் ஒரு வாணிபத்தை நினைவில் வைத்திருக்கிறது. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. 1497இல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது. அந்த வழியில் வந்தவர்கள் பின்னர் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் குடியேறினார்கள். அவர்களுள் சிலர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியோடு சென்னைப் பட்டணத்துக்கு வந்தார்கள். அன்று துறைமுகம் கிடையாது. மத்தியதரைக் கடல் பவளம் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரையேறியது. அதற்கு ஈடாகக் கோல்கொண்டா வைரம் கப்பலேறியது. 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களுக்கும் இடம் தரப்பட்டது. பெரிய வைர வணிகரான ஜாக் த பைவா அதற்கு முந்தைய ஆண்டிலேயே இறந்திருந்தார். அவரைப் புதைத்த இடம் இன்றைய மிண்ட் தெருப் பக்கம் இருந்தது. அங்கிருந்த கல்லறைக் கற்கள் 20ஆம் நூற்றாண்டில் காசிமேட்டுக்கும், பிறகு அங்கிருந்து லாயிட்ஸ் சாலைக்கும் இடம்பெயர்ந்தன. செத்த பிறகும் இரண்டு முறை குடிபெயர நேர்ந்த கூட்டம் அது.

இவர்கள் தமிழில் எழுதிய இலக்கியம் என்று எதுவும் வந்து சேரவில்லை. அதில் வியப்பும் இல்லை. அவர்களுடைய பேச்சும் கடிதமும் ஐரோப்பிய மொழிகளில் நடந்தன. பெரும்பாலோர் பணம் சேர்த்துத் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்கள். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்ததும் கோல்கொண்டாவின் தனிச்சிறப்பு போய்விட்டது. வந்து போகும் குடும்பங்களும் குறைந்தன. அதே பவளக்காரத் தெருவில் பின்னாளில் நகரத்தார் தங்கும் இடங்கள் வந்தன.

மேற்குக் கரையின் கதை வேறு. கொல்லத்தில் ஒரு கிறித்தவத் தேவாலயத்துக்கு அளிக்கப்பட்ட 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், வட்டெழுத்துச் சாசனத்தின் கடைசியில் சாட்சிக் கையொப்பங்கள் இருக்கின்றன. அவற்றுள் சில எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகம். சாட்சி சொல்லத் தகுந்தவர்களாக யூதர்கள் அன்றே உள்ளூர் வணிக வாழ்வில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர அரசன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டிலிருந்து யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையை அளித்தான். பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலிய சிறப்புகளோடு 72 உரிமைகள். மகன், மகள், மருமக்கள் எல்லோருக்கும் அவை உண்டு என்கிறது சாசனம். கரைக்கு வந்தவர்களை நாட்டின் சொந்தச் சட்டமுறைக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட ஏற்பாடு இது.

செப்பேடு அரசனின் குரல். வணிகரின் சொந்தக் குரல் கெய்ரோவில் கிடைத்தது. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில், கடவுள் பெயர் எழுதிய காகிதத்தை அழிக்கக் கூடாது என்று சேர்த்து வைத்த குவியலை 1896–97இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அதில் இந்திய வாணிபக் கடிதங்களும் இருந்தன. துனிசியாவிலிருந்து வந்து 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஆபிரகாம் பென் யீஜு மிளகு, பாக்கு, இரும்பு பற்றி எழுதுகிறார். வெண்கலப் பட்டறை நடத்துகிறார். ஆஷு என்ற உள்ளூர்ப் பெண்ணை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கிறார். 1992இல் வந்த அமிதவ் கோஷின் ‘இன் அன் ஆன்டீக் லேண்ட்’ இந்தக் கடிதங்களின் வழியே நடந்து சென்ற நூல். மெய்யியலாளர் மைமோனிடஸின் தம்பி டேவிட் இந்தியக் கடலில்தான் மூழ்கினார். அந்தச் சேதிக்குப் பிறகு ஓராண்டு படுக்கையில் கிடந்ததாக மைமோனிடஸ் எழுதிய கடிதம், விலைப்பட்டியலுக்குப் பின்னால் எவ்வளவு துயரம் இருந்தது என்பதை உணர்த்துகிறது.

இந்தியாவில் யூதர்களுக்குக் கொடுமையே நேரவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதைக் கோவா மறுக்கிறது. மதம் மாறிய யூதக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, இந்திய மூலிகைகள் பற்றிய உரையாடல் நூலை 1563இல் கோவாவில் அச்சிட்டார். அவர் இறந்த மறு ஆண்டு தங்கை காத்தரீனாவைப் போர்ச்சுகீசிய மத விசாரணைமன்றம் எரித்தது. 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தது.

கொச்சியில்தான் எழுத்து வீட்டுக்குள் வந்தது. ஆண்கள் எபிரேயத்தில் தொழ, பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள். கல்யாணப் பாட்டு, தொழுகைக்கூடம் கட்டிய கதை, ஜோசப் ரப்பானைப் பற்றிய பாட்டு எல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு நோட்டுப் புத்தகங்களாகக் கைமாறின. தென்னிந்திய யூதர் பற்றிய ஆய்வில் மிகவும் மதிக்கத்தக்க பொருள் இதுவே எனலாம். அரசனும் பயணியும் எழுதாத ஒரு சமூகத்தின் உள்வாழ்வு இங்குதான் பதிவாகியிருக்கிறது.

அந்த உள்வாழ்வில் சாதியும் இருந்தது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசித் தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் எனப்பட்டோருக்குச் சம இடம் கிடையாது. வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 20ஆம் நூற்றாண்டில் அதை எதிர்த்து அங்கேயே சத்தியாகிரகம் செய்தார். சம இடம் மறுக்கப்பட்ட அந்தப் பிரிவில் பிறந்த ரூபி டேனியல், மானுடவியலாளர் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து 1995இல் வெளியிட்ட நினைவு நூல் அந்த அவமதிப்பை உள்ளிருந்தே சொல்கிறது. துரத்தப்பட்டு வந்தவர்களும் வந்த இடத்தின் ஏற்றத்தாழ்வைக் கைக்கொண்டார்கள் என்ற உண்மை, புலம்பெயர் இலக்கியத்தை வெறும் துயரக் கதையாகப் படிப்பவர்களை நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

தென்னிந்தியாவுக்கு வெளியே, மராத்தி பேசிய பெனே இஸ்ரேல் யூதர்களிடமிருந்து நவீன எழுத்தாளர்கள் வந்தார்கள். நிசிம் எசக்கியேல் 1983இல் ஆங்கிலக் கவிதைக்காகவும், அகமதாபாத்தின் எஸ்தர் டேவிட் 2010இல் நாவலுக்காகவும் சாகித்திய அகாதமி விருது பெற்றார்கள். ஷீலா ரோஹேகர் இந்தியில் நாவல் எழுதினார்.

இஸ்ரேல் உருவான பிறகு, 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். பெண்களின் பாட்டு நோட்டுகளும் கூடவே போயின. மலையாள ஆய்வாளர் ஸ்கறியா சக்கறியா பங்கேற்ற ஆய்வில் தொகுக்கப்பட்ட பாடல்கள் ‘கார்குழலி’ என்ற பெயரில் மலையாளமும் எபிரேயமுமாக 2005இல் ஜெருசலேமில் அச்சாயின.