'ஒயா' என்று விளிக்க முடிந்தவரும் முடியாதவர்களும்

தொண்ணூறுகளில் நாமெல்லாம் ஆசிரியனின் மரணம் பற்றி நிறையவே பேசினோம். எழுதியவன் செத்துவிட்டான், இனிப் பிரதி வாசகனுடையது என்று ரொலான் பார்த்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கூட்டங்களில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறோம். 2009 ஜனவரி 11 அன்று கொழும்பில் வெளியான 'சண்டே லீடர்' தலையங்கத்தை முதலில் வாசித்தபோது அந்தப் பழைய கத்தலை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. தமிழில் ஆசிரியர் என்றால் எழுதியவர், பத்திரிகையை நடத்துபவர் இரண்டும்தான். இரண்டு பொருளிலும் ஆசிரியராக இருந்த லசந்த விக்கிரமதுங்க மூன்று நாள் முன்னால், ஜனவரி 8 காலையில், அலுவலகத்துக்குக் காரில் போகும் வழியில் மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்களால் தாக்கப்பட்டு இறந்துபோயிருந்தார். பிரதி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. என்னைக் கொல்லப்போவது அரசாங்கம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

உலகம் முழுக்க அந்தத் தலையங்கம் ஒரே மாதிரிதான் வாசிக்கப்பட்டது. ஒரு பக்கம் சர்வாதிகார ஜனாதிபதி, இன்னொரு பக்கம் அஞ்சாத பத்திரிகை. நடுவில் பகைமை. அந்த ஆண்டே யுனெஸ்கோவின் பத்திரிகைச் சுதந்திர விருதும் அவருக்கு, மரணத்திற்குப் பின், வழங்கப்பட்டது. இந்த வாசிப்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் 'பகைமை' என்ற சொல் இரண்டு தனித்தனி ஆட்களை, ஒருவரையொருவர் தொடாத இரண்டு அதிகாரங்களை முன்கூட்டியே கட்டமைத்துக்கொண்டு விடுகிறது. நான்காவது தூண் என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டு திரிவதும் இதைத்தான். தலையங்கத்திற்குள் போய்ப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது.

அதன் பிற்பகுதி நேராக மஹிந்த ராஜபக்ஷவை முன்னிலைப்படுத்திப் பேசுகிறது. கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட நட்பை நினைவூட்டுகிறது. ஜனாதிபதி மாளிகையில் பின்னிரவுச் சந்திப்புகள், நெருங்கிய நண்பர்கள் சிலரோடு அரசியலும் பழங்கதையும் கேலியும். ஜனாதிபதியைப் பெயர் சொல்லி, சிங்களத்தில் 'ஒயா' என்று உரிமையோடு அழைக்கிற வெகு சிலரில் தானும் ஒருவன் என்கிறார் லசந்த. பிறகுதான் அந்தப் பயங்கரமான இடம் வருகிறது. நான் செத்ததும் வழக்கமான அனுதாபப் பேச்சுகளைப் பேசுவாய், விசாரணைக்கு உத்தரவிடுவாய், அதிலிருந்து ஒன்றும் வராது. பின்னால் இருப்பது யாரென்று நம் இருவருக்குமே தெரியும். பெயரைச் சொல்ல இருவராலும் முடியாது. சொன்னால் என் உயிர் மட்டுமில்லை, உன் உயிரும் போகும். இப்படியொரு வாதம். பகைவனிடம் இப்படிப் பேச முடியாது. கூட்டாளியிடம் மட்டும்தான் முடியும்.

அதிகாரம் மனிதனை விளித்துத்தான் குடிமகனாக்குகிறது என்றார் அல்தூஸர். போலீஸ்காரன் தெருவில் "ஏய்" என்கிறான், நாம் திரும்புகிறோம், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம். இந்தத் தலையங்கத்தில் நடப்பது அதன் தலைகீழ். செத்தவன் அதிகாரத்தை "ஒயா" என்கிறான். நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியை, பதவியில் இருக்கும்வரை எந்த நீதிமன்றமும் தொடமுடியாதபடி 1978 அரசியல் சட்டம் உட்கார வைத்திருக்கும் ஒருவரை, பழைய சிநேகிதனாகத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறான். இதன் வீரியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் கேள்வி வேறு. இந்த விளித்தல் யாருக்கு வாய்க்கும்?

இந்தக் கேள்வி எனக்குத் தானாக வந்ததல்ல. தலையங்கத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை நண்பர்கள் சிறு கூட்டமொன்றில் வாசித்தார்கள். வந்திருந்தவர்கள் கண் கலங்கினார்கள், நானும்தான். கடைசி வரிசையில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது கேட்டார்: "தம்பி, 'ஒயா' எண்டதுக்கு 'நீங்கள்' எண்டு போட்டிருக்கிறியள். அது சரியில்லை. ஆனா 'நீ' எண்டு போட்டாலும் சரிவராது. எங்கட பெடியளுக்கு ஜனாதிபதியோட பகைக்கிறதுக்கே வசதி இருக்கேல்லை, விளங்குதோ?" எனக்கு அப்போது விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

மயில்வாகனம் நிமலராஜன் பிபிசிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பியவர். 2000 அக்டோபர் 10இல் நாடாளுமன்றத் தேர்தல். அதில் தீவுப் பகுதிகளில் நடந்த மோசடிகளை அவர் வெளியே கொண்டுவந்தார். அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு அமலில் இருக்கும்போது, ராணுவக் காவல் சூழ்ந்த நகரத்துக்குள், வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். கையெறி குண்டும் வீசினார்கள். தந்தையைக் கத்தியால் குத்தினார்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அப்போது ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க. நிமலராஜனுக்கும் சந்திரிகாவுக்கும் இடையில் 'பகைமை உறவு' ஏதாவது இருந்ததா? உறவே இல்லையே. அவருக்கு முன்னால் இருந்தது ஜனாதிபதி இல்லை. காவலரண், அடையாள அட்டை, ஆயுதக் குழு, ஊரடங்கு.

அதே சந்திரிகா கொழும்பில் ஆங்கிலப் பத்திரிகைகளோடு வைத்திருந்த பகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நட்சத்திர ஓட்டலில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்துக்கு அவர் போனதாக 1995இல் 'சண்டே டைம்ஸ்' ஒரு கிசுகிசு எழுதியது. குற்றவியல் அவதூறு வழக்கு. 1997இல் ஆசிரியர் சிங்க ரத்னதுங்க குற்றவாளி என்று தீர்ப்பு. 2000இல் லசந்தவுக்கும் இதே சட்டத்தின் கீழ் தண்டனை. தன் மேல் யாரும் வழக்குப் போட முடியாத ஒருவருக்காக, அரசு வழக்குப் போடுகிறது! 2002இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அது போராடிப் பெற்ற வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அவதூறு வழக்கு என்பது ஒரு வகையில் அங்கீகாரமும்கூட. நீ எழுதியது என்னைப் பாதிக்கிறது, வா, நீதிமன்றத்தில் பேசலாம் என்கிறது. யாழ்ப்பாணத்துக்காரனுக்கு அந்த அவதூறு வழக்குகூடக் கிடைக்கவில்லை. பெரியவர் சொன்ன 'வசதி' இதுதான் என்று எனக்குப் புரியச் சில வருஷம் ஆயிற்று.

வசைச் சொற்களும் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. 2008இல் பாதுகாப்பு அமைச்சின் இணையதளத்திலேயே, படையை விமர்சிக்கும் பத்திரிகையாளர்களைத் துரோகிகளாகச் சித்திரிக்கும் எழுத்துகள் வந்தன. துரோகி என்பது உள்ளே இருப்பவனுக்கான சொல். நம்மவன், நம்மை விட்டுப் போனவன். தமிழ்ப் பத்திரிகையாளனை அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. அவனுக்குப் 'புலி' போதும். ஒருவன் பந்தி விலக்கப்பட்டவன், மற்றவனுக்கு இலையே போடப்படவில்லை. இரண்டு பேருக்கும் சாவு ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் சாவுக்குப் பின் கிடைக்கிற சொல்லாடல் ஒன்றில்லை.

இதில் குழப்பமான ஆள் தராக்கி, அதாவது தர்மரத்தினம் சிவராம். இயக்கத்திலிருந்து வந்தவர், 'தி ஐலண்ட்' பத்திரிகையில் ஆங்கிலத்தில் எழுதியவர், பிறகு தமிழ்நெட்டின் ஆசிரியர். கொழும்பின் மேசைகளில் அவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே சடலம். போர்நிறுத்தம் பெயரளவில் அமலில் இருந்த காலம் அது. நாற்காலி இருந்தும் நிமலராஜனின் கதிதான்.

ஜே.எஸ். திசைநாயகம் வழக்கு இன்னும் விசித்திரம். 2006இல் ஒரு ஆங்கில மாத இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக 2008 மார்ச்சில் கைது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்ட் 31இல் இருபது வருடக் கடுங்காவல். அதற்கு அடுத்த ஆண்டு, மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தன்று, ஜனாதிபதி மன்னிப்பு அளிப்பதாக அறிவிப்பு. பார்த்தீர்களா, தேதியை! இதே தினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வேறொரு கணக்கும் உண்டு. 2006இல் அந்த நாளுக்கான யுனெஸ்கோவின் சர்வதேச மாநாடு கொழும்பில் நடந்தது. மே 2 மாலை யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். பத்திரிகை மறுநாளும் வந்தது.

இங்கே லசந்தவுக்கு நியாயம் செய்தாக வேண்டும். அதே தலையங்கம் புலிகளை ஈவிரக்கமற்ற அமைப்பு, ஒழிக்கப்பட வேண்டியது என்று சொல்லிவிட்டு, அதற்காகத் தமிழ்க் குடிமக்களைக் குண்டு போட்டுக் கொல்வதை அவமானம் என்கிறது. ஒரு நாடு தன் சொந்தக் குடிகளின் மேல் குண்டு போடலாமா என்று கேட்கிறது. வன்னியில் அது நடந்துகொண்டிருந்த ஜனவரி மாதம். கொழும்பில் அதை அச்சில் சொன்னவர்கள் எத்தனை பேர்? நம்மூரில் தலையங்கத்தை மேடையில் முழங்கியவர்கள் இந்தப் பத்தியின் பாதியை, புலிகள் பற்றிய பாதியை, வசதியாக விழுங்கினார்கள். நான் சொன்ன கூட்டத்திலும் அந்த வரிகள் வாசிக்கப்படவில்லை. நானும் எழுந்து கேட்கவில்லை.

விழுங்கியது அது மட்டுமில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் 'ஈழமுரசு', 'முரசொலி' பத்திரிகைகளின் அச்சகங்களை வெடிவைத்துத் தகர்த்தது இந்திய ராணுவம். நம் வரிப்பணம். அதைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எத்தனை பக்கம் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 2004 ஆகஸ்டில் கொழும்பில் கொல்லப்பட்ட பாலநடராஜ ஐயர், 2006 ஆகஸ்டில் கொல்லப்பட்ட கேதீஸ் லோகநாதன் இருவரும் எழுதியவர்கள்தான். இரண்டு கொலைகளிலும் பழி புலிகள் மேல் விழுந்தது. நம் பட்டியல்களில் இவர்கள் பெயர் இருக்காது. இவர்களையும் ஏதோ ஒரு 'ஜனாதிபதி' பகைத்திருக்கிறார், அவருக்கு அரசியல் சட்டம் மட்டும்தான் இல்லை.

'சண்டே லீடர்' கதை அதன் பிறகும் ஓடியது. 2012இல் பத்திரிகை ராஜபக்ஷ குடும்பத்துக்கு நெருக்கமானவராகச் சொல்லப்பட்ட ஒரு தொழிலதிபரின் கைக்குப் போனது. லசந்தவுக்குப் பின் வந்த ஆசிரியர் பிரெடெரிக்கா ஜான்ஸ் அந்த ஆண்டே நீக்கப்பட்டார். துப்பாக்கியால் முடியாத பகையைச் செக்கால் முடித்தார்கள். முதலாளி மாறினால் தூண் மாறிவிடும் என்றால் அது என்ன தூண், பந்தல்கால். 2019 ஏப்ரலில் லசந்தவின் மகள் கோத்தபாய ராஜபக்ஷ மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார். கோத்தபாய குற்றச்சாட்டை எப்போதும் மறுத்துவந்தவர். கொலை நடந்த காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக, அரச அதிகாரியாக இருந்தார் என்பதால் அவருக்கு விலக்குரிமை உண்டென்று அக்டோபரில் வழக்கு தள்ளுபடி. நவம்பரில் அவர் ஜனாதிபதி. 2022 ஜூலையில் மக்கள் மாளிகைக்குள் புகுந்தபோது நாட்டை விட்டு ஓடினார். கொலை வழக்கில் தீர்ப்பு வரவில்லை.

சென்ற மழைக்காலத்தில் தலையங்கத்தை நானே மறுபடி மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே எல்லோருக்கும் ஒரே முன்னிலைதான். தமிழில் முதல் வாக்கியத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். மேலே நான் சுருக்கிச் சொன்ன இடத்தில் 'பேசுவாய்', 'உன் உயிர்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். அதை எழுதும்போது கை கூசவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு நோட்டில் 'நீ' போட்டு அடித்தேன், 'நீங்கள்' போட்டு அடித்தேன். பெரியவருக்குப் போன் செய்தேன். "அதை அப்பிடியே 'ஒயா' எண்டு விடும் தம்பி," என்றார். "வாசிக்கிறவன் ஆரெண்டு கேக்கட்டும்."

அப்படியே விட்டிருக்கிறேன். நிமலராஜன் அனுப்பிய செய்தி அறிக்கைகளில் சிலவற்றையாவது தேடிப் பிடித்து அதே இதழில் சேர்க்க வேண்டும் என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். அவற்றில் முன்னிலையே இருக்காது. எல்லாம் படர்க்கை.