மாவுக்கட்டும் முடியாத கதையும்

வெற்றிமாறனின் ‘வடசென்னை’ 2018 அக்டோபர் 17 அன்று வெளியானது. அதன் தொடக்கத்தில், 1987இல், ஒரு சாப்பாட்டுக் கடையில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் ரத்தம் தோய்ந்த கத்தி. ஒரு கொலை நடந்து முடிந்திருக்கிறது. செத்தது யார் என்று சொல்லாமலே, யார் சரண்டர் ஆவது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. அது ராஜன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிகிறது. அவன் மனைவி சந்திரா, கொன்றவர்களில் ஒருவனான குணாவையே மணந்து, காத்திருந்து, நாயகன் அன்புவைக் கொண்டு பழிதீர்க்கத் தொடங்கியிருப்பதும் அதன் பிறகே புரிகிறது. ஆனால் கணக்கு முடியவில்லை. குணா உயிரோடு இருக்கிறான். அன்பு ஊருக்காக எழுந்து நிற்கிறான். அடுத்த பாகம் வரும் என்று சொல்லிப் படம் நின்றுவிடுகிறது. அதே உலகத்தில் நடக்கும் கதையாக ‘அரசன்’ அறிவிக்கப்பட 2025 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் டிவியிலும் கைப்பேசியிலும் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் முடிவைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதப்பட்ட முடிவுகளை ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம் விமர்சன வழக்கம். அவை வடசென்னையின் அரசியலையும் காவல்துறையையும் பற்றி மக்கள் வைத்திருக்கும் கருத்துகளின் பதிவுகள் என்றே நான் வாசிக்கிறேன்.

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு ஊகம் புதிய பழக்கம் அல்ல. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ வாரம் ஒருமுறை ஒளிபரப்பானபோது, கருப்பு யார் என்ற கேள்வி அடுத்த வாரம்வரை வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வந்த மெகாத் தொடர்களில் முடிவு என்பதே இல்லாமல் போனது; ‘தொடரும்’ என்ற சொல் கேள்வியைக் கூர்மையாக்காமல் நீர்த்துப்போகச் செய்தது. 2022இல் வந்த ‘சுழல்’, ‘வதந்தி’ போன்ற இணையத் தொடர்கள் ஊகத்துக்கு மறுபடியும் உயிர் கொடுத்தன. ‘வதந்தி’யில் செத்துப்போன பெண்ணைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், பேச்சுதான் அங்கே குற்றவாளி. ஆனாலும் இந்தத் தொடர்கள் யார் செய்தது என்பதைக் கடைசியில் சொல்லிவிடுகின்றன. விடை கிடைத்ததும் ஊகமும் அடங்கிவிடும். அமெரிக்கத் தொடரான ‘தி சொப்ரானோஸ்’ 2007 ஜூன் 10 அன்று திடீரென்று இருண்ட திரையோடு முடிந்தபோது எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை என்பது உண்மை. அங்கேயும் கேள்வி ஒரு மனிதனைப் பற்றியதுதான்: நாயகன் டோனி செத்தானா, இல்லையா?

‘வடசென்னை’ குறித்த ஊகங்கள் வேறு திசையில் போகின்றன. கொன்றவர்களைப் படமே காட்டிவிடுவதால், யார் கொன்றது என்று யாரும் கேட்பதில்லை. தன்னைக் கருவியாக்கியவள் சந்திரா என்று தெரிந்தால் அன்பு என்ன செய்வான்? குணாவை வீழ்த்திய பிறகு அவனும் குணா ஆகிவிடுவானா, இல்லை ராஜன் ஆவானா? அரசியல்வாதி முத்து யார் பக்கம் சாய்வார்? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிலம் இருக்கிறது. வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் குப்பத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அதை எதிர்த்ததால்தான் ராஜன் சாகிறான். அதே எதிர்ப்பைக் கையிலெடுத்துத்தான் அன்பு தலைவனாகிறான். ஆகவே படத்தின் முடிவை ஊகிப்பவர், குப்பம் இருக்குமா போகுமா என்பதையும் சேர்த்தே ஊகிக்கிறார். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை துறைமுகமும் அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் கடற்கரைச் சாலையும் வரிசையாக வந்து, கடலோரக் குடும்பங்கள் இடம்பெயர்ந்த வரலாறு உள்ள பகுதியில் அந்தக் கேள்வி கற்பனையானது அல்ல.

இந்த ஊகத்துக்கான பயிற்சி எங்கே கிடைத்தது? திரையரங்கில் அல்ல, செய்தித்தாளில் என்பேன். கைதான ஒருவர் கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. கட்டு இன்னும் ஈரம் காயாத வெள்ளையாக இருக்கும். கீழே ஒரு வரி: தப்பி ஓட முயன்றபோது வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிவு. சில செய்திகளில் கழிப்பறை, சிலவற்றில் பாலம். அந்த வரியை எழுத்துக்கு எழுத்து நம்பும் வாசகரை நான் கண்டதில்லை. மூடப்பட்ட முடிவாக எழுதப்பட்ட அந்த வாக்கியத்தை வாசகர் திறந்த முடிவாகவே வாசிக்கிறார். நடுவில் விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்கிறார். இந்த வாசிப்பைத் திரைக்குக் கொண்டுவந்த படம் ‘விசாரணை’. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 1983இல் குண்டூரில் தானே பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட படம் அதிலிருந்து பிறந்தது. படத்தின் பிற்பாதியில் காவலில் செத்துப்போன ஆடிட்டரின் உடலை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்த் தற்கொலையாக மாற்றுகிறார்கள். மறுநாள் செய்தியாக வரப்போகும் வாக்கியம் எப்படித் தயாராகிறது என்பதைப் பார்வையாளர் உள்ளே நின்று பார்க்கிறார். அதைப் பார்த்த கண் மாவுக்கட்டுப் படத்தை மறுபடி பழையபடி பார்க்க முடியாது.

இங்கேதான் என் வாதத்துக்கே சங்கடமான ஒன்று வருகிறது. அதிகாரபூர்வக் கதையை நம்பாதவர்கள் எல்லாரும் அதை எதிர்ப்பவர்கள் அல்ல. 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பது நாளில், கைதானவர்களில் ஒருவர் மாதவரம் பகுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆயுதத்தை மீட்க அழைத்துச் சென்றபோது அவர் சுட்டதாகவும், தாங்கள் திருப்பிச் சுட்டதாகவும் காவல்துறை சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று வியாசர்பாடியிலும் 23 அன்று தென்சென்னைக் கடற்கரைப் பக்கமும் இன்னும் இரண்டு என்கவுன்ட்டர்கள். இவற்றைப் பற்றிய பேச்சில் இரண்டு குரல்கள் ஒரே வாயிலிருந்து வந்தன: சொல்லும் கதை நம்பும்படி இல்லை, ஆனால் நடந்தது நல்லதுதான். ‘காக்க காக்க’, ‘சாமி’ என்று 2003இலிருந்தே துப்பாக்கி ஏந்திய போலீஸ் நாயகர்களுக்குக் கைதட்டிய அரங்கம்தான் ‘விசாரணை’க்கும் கலங்கியது. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் கைதான நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது போலீஸார் மீது பூத் தூவினார்கள். 2022இல் வெளியான சிர்புர்கர் ஆணைய அறிக்கை போலீஸ் சொன்ன கதையை ஏற்கவில்லை. தூவிய பூவுக்கு அதனால் எந்தப் பதிலும் வரவில்லை. எனவே ஊகம் தன்னளவில் நியாய உணர்வு ஆகிவிடாது. பொய்யைக் கண்டுபிடிக்கிற அதே கூர்மை, கண்டுபிடித்த பிறகு பொய்யரோடு சமாதானம் செய்துகொள்ளவும் உதவுகிறது. என்கவுன்ட்டர் மரணம் ஒவ்வொன்றிலும் சுதந்திரமான புலனாய்வும் மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்த நெறிமுறைகள் இந்தச் சமாதானத்தை உடைக்கத்தான். அந்த விசாரணைகளின் முடிவு ஊர்ப் பேச்சை எட்டாதவரை, தீர்ப்பைச் சினிமாவில் தேடுவது நிற்காது.

‘வடசென்னை’ முடியாமல் நின்றது கலைத் தீர்மானம் அல்ல, தயாரிப்புச் சூழல். வியாபாரம் விட்டுவைத்த ஓட்டையில் இவ்வளவு அர்த்தம் தேடலாமா என்று கேட்பார்கள். இயக்குநர் நினைத்தது என்ன என்று நான் கேட்கவில்லை. வெற்றிடம் எப்படி வந்திருந்தாலும், அதில் எதை இட்டு நிரப்பினார்கள் என்பது நிரப்பியவர்களின் மனதைத்தான் காட்டும். இதைவிடக் கனமான மறுப்பு, இந்தப் படங்கள் எல்லாமே வடசென்னையைக் கத்தியும் கஞ்சாவுமாகச் சுருக்கிவிட்டன, ஊகமும் அந்த அவதூறின் நீட்சிதான் என்பது. அதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அந்த மறுப்பைச் சொன்னவர்களும் பார்வையாளர்கள்தான். 2018இல் ராஜனும் சந்திராவும் வரும் ஒரு காட்சியைக் குறித்து மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்தார்; காட்சி நீக்கப்பட்டது. 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தது. 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்ட தி.மு.க. ஆட்சியை நினைவூட்டி, குத்துச்சண்டை ஆசான் ரங்கன் கைதாவதைக் காட்டியது. ராயபுரத்தில் பலமுறை வென்ற அ.தி.மு.க.வின் ஜெயக்குமார், படம் எம்.ஜி.ஆரைச் சிறுமைப்படுத்துகிறது என்று அறிக்கை விட்டார். ஒரு தொகுதியின் முன்னாள் உறுப்பினரே திரைக்கதைக்கு மாற்று வாசிப்பு எழுதும் இடத்தில், சாதாரணப் பார்வையாளரின் வாசிப்பை அரசியல் இல்லாதது என்று எப்படிச் சொல்வது? பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) ஒரு சுவர் யாருக்குச் சொந்தம் என்பதையே முழுக் கதையாக்கி ஓடியது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் சந்தேகிப்பது சதிக்கதையில்தான் கொண்டுபோய் விடும் என்ற அச்சம் இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட ஊகங்களும் உண்டு. எல்லாரும் ஒன்றுதான் என்று முடித்துவிட்டு எழுந்துபோகும் ஊகம் அதிகாரத்துக்கு மிக வசதியானது. ஆனால் தான் பார்த்த தடயத்தைச் சுட்டிக்காட்டிப் பேசுகிற ஊகம் வேறு வகை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணெய் வந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்தது. மணலியின் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்துதான் வந்தது என்று மீனவர்கள் தொடக்கத்திலேயே சொன்னார்கள். குழாய்களில் கசிவு இல்லை என்றது நிறுவனம். ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாள்வதில் இருந்த குறைபாட்டைப் பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டியது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது. மீனவர்களிடம் ஆய்வகம் இல்லை. நீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியும், வாடை தெரியும், வெள்ளம் வடிந்த சுவர்களில் கறுப்புக் கோடு இருந்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியால் எண்ணெய் அள்ளிய அனுபவமும் இருந்தது. அந்த டிசம்பர் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், உர ஆலை ஒன்றின் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அடுத்த நாளே ஆலை வாசலில் போராட்டம் தொடங்கிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று அந்த முறை யாரும் கேட்கவில்லை; எப்போது மூடுவீர்கள் என்றுதான் கேட்டார்கள்.